இமயத்துக்குக் கணக்குப் போட்ட ராதாநாத் சிக்தார்

கம்ப்யூட்டர் என்றால் இன்று ஓர் இயந்திரம். நூற்றுத்தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அது ஒரு மனிதரின் உத்தியோகம்! சம்பளம் மாதம் 30 ரூபாய்.

அந்த உத்தியோகத்தில் 1831-ல் சேர்ந்தார் ஒரு வங்காளி வாலிபர். பெயர் ராதாநாத் சிக்தார். 1813-ல் கல்கத்தாவில் பிறந்தவர். இந்துக் கல்லூரியில் படித்தவர். கணக்கு என்றால் அவருக்கு உயிர்.

அப்போது கும்பினி அரசு இந்தியாவை அளந்துகொண்டிருந்தது. அந்த வேலை தொடங்கியது நம் சென்னையில்தான். 1802-ல் பரங்கிமலை அருகே லாம்டன் துரை ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அந்தக் கோட்டின் மேல் ஒரு முக்கோணம். அதன் பக்கத்தில் இன்னொரு முக்கோணம். இப்படியே முக்கோணங்கள் வடக்கே இமயம் வரை போயின. லாம்டனுக்குப் பின் வந்த எவரெஸ்ட் துரைதான் சிக்தாரை வேலையில் சேர்த்தவர். பிறகு சிக்தார் வேறு உத்தியோகத்துக்குப் போக விரும்பியபோது அவர் விடவில்லை!

கூட்டம் கூடினால் போதுமா?

கணக்கு மலைபோல் குவிந்தது. ஆளைக் கூட்டினால் சீக்கிரம் முடியாதா? முடியும், முடியாது, இரண்டும் உண்மை.

குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாவு தயாராகும் வரை நெசவாளி காத்திருக்கத்தான் வேண்டும். பத்துப் பேர் சும்மா நின்றாலும் தறி ஓடாது. பாவு ஏறிய பிறகோ ஒருவர் நெய்யலாம், இன்னொருவர் தார் சுற்றலாம். பத்துத் தறி இருந்தால் பத்துப் பேரும் நெய்யலாம்.

முக்கோணக் கணக்கும் அப்படித்தான். முதல் முக்கோணத்தின் விடை தெரிந்தால்தான் அடுத்ததைத் தொட முடியும். அங்கே எத்தனை பேர் இருந்தாலும் பயனில்லை. ஒரு மலையைப் பல இடங்களிலிருந்து பார்த்து அளந்தால், ஒவ்வோர் இடத்தின் கணக்கையும் ஒவ்வொருவர் தனித்தனியே போடலாம். எது பங்கு போடத் தக்கது, எது வரிசையாகச் செய்ய வேண்டியது என்று தெரிந்தவரே தலைமைக் கணக்கர். 1849-ல் கல்கத்தாவில் அந்தப் பதவி சிக்தாருக்குக் கிடைத்தது.

ஆறு இடம், ஆறு விடை

பதினைந்தாம் எண் சிகரம் என்று ஒன்று இருந்தது.  1849, 1850 ஆண்டுகளில் அதைச் சமவெளியில் ஆறு இடங்களிலிருந்து பார்த்து அளந்தார்கள். எல்லாம் நூறு மைலுக்கு அப்பாலிருந்து!

கணக்கு போட்டால் ஆறு விடையும் ஆறு விதம். மிகக் குறைந்தது 28,990 அடி. மிக அதிகம் 29,026 அடி. ஆறையும் கூட்டிச் சராசரி பார்த்தார்கள். 29,002 அடி வந்தது. உலகிலேயே உயர்ந்த சிகரம்! ஆறில் ஐந்து விடை வந்தாலும் சராசரி எடுக்க முடியாது. கடைசி விடைக்கும் காத்திருக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றில் ஒளி வளைவதால் சிகரம் உண்மையைவிடச் சற்று மேலே தெரியும். அதற்கு எவ்வளவு கழிப்பது என்பதை ஆளுக்கொரு விதமாக முடிவு செய்தால் எல்லாம் பாழ்.

உயர்ந்த சிகரத்தைக் கண்டுவிட்டேன் என்று சிக்தார் மேலதிகாரி வா துரையிடம் ஓடினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் களத்தில் அளந்தவர்கள் வேறு. டேராடூனில் கணக்குப் போட்டவர்களும் உண்டு. பல கைகள் சேர்ந்த வேலை அது. 1856-ல் உயரத்தை வெளியிட்டார் வா. சிகரத்துக்குத் தமக்கு முன் அதிகாரியாக இருந்த எவரெஸ்டின் பெயரையே வைத்தார். 2020-ல் புதிதாக அளந்து அறிவித்த உயரம் 8848.86 மீட்டர். பழைய கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் சுமார் 30 அடிதான்!

இன்று கைபேசிக்குள் எட்டுக் கணக்கர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் 'கோர்' என்று பெயர். எட்டுப் பேர் இருப்பதால் எல்லா வேலையும் எட்டு மடங்கு வேகமாக நடப்பதில்லை. ஒன்றின் விடைக்கு மற்றொன்று காத்திருக்கும் தொல்லை இங்கும் உண்டு. யாருக்கு எதைக் கொடுப்பது என்று ஒரு மென்பொருள் நொடிக்கு நொடி பார்த்துக்கொள்கிறது. சிக்தார் பார்த்த வேலை அதுதான்.

கூலிக்காக ஒரு வழக்கு

வேலையைப் பங்கிட்டவர், வேலை செய்தவர்களை மறந்துவிடவில்லை. 1843-ல் டேராடூனில் மாஜிஸ்திரேட்டு வான்சிட்டார்ட், அளவைத் துறைக் கூலியாட்களைத் தம் மூட்டை சுமக்க வைத்தார். கூலி கிடையாது. சிக்தார் எதிர்த்தார். வழக்கு நடந்தது. அவருக்கு 200 ரூபாய் அபராதம்! வெள்ளைக்கார அதிகாரியை ஓர் இந்தியர் எதிர்த்து நிற்பது அந்நாளில் சாமானியம் அல்ல.

1854-ல் நண்பர் பியாரி சாந்த் மித்ராவுடன் சேர்ந்து, பெண்கள் படிப்பதற்காக எளிய வங்காளியில் ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். 1862-ல் ஓய்வு பெற்றார். 1870 மே 17-ல் சந்திரநாகூரில் காலமானார்.

நில அளவை பற்றி 1851-ல் துறையினர் வெளியிட்ட நூலில் முக்கியமான கணிதப் பகுதிகள் சிக்தார் எழுதியவை. முன்னுரையில் அவருக்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள். அவர் இறந்தபின் 1875-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. அவர் எழுதியது அப்படியே இருந்தது. பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள்! இதை அநியாயம் என்று 1876-ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகையே கண்டித்தது.

2004-ல் இந்தியத் தபால் துறை அவர் படம் போட்ட தபால்தலையை வெளியிட்டது.