ஓவியர் இரவிவர்மா

தாமரைமேல் நிற்கும் திருமகளும் வீணை ஏந்திய கலைமகளும் படங்களாக நம் இல்லங்கள் பலவற்றில் விளங்குகின்றனர். அத்தெய்வ மகளிர் சேலையுடுத்து, நம் அன்னையரையும் தமக்கையரையும் போலத் தோன்றுமாறு தீட்டி நாடெங்கும் பரப்பியவர் இரவிவர்மா ஆவர்.

திருவிதாங்கூர் நாட்டுக் கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு பிறந்த அவருக்கு, மாமன் இராசராசவர்மாவே முதல் ஆசிரியர். பதினான்காம் வயதில் திருவனந்தபுரம் அரண்மனையை அடைந்தார். 1868இல் அங்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் எண்ணெய்வண்ணக் கலையைக் கற்பிக்க இசைந்திலர். தாம் தீட்டுகையில் அருகிருந்து காண மட்டுமே இடந்தந்தார். கண்ணுடையார்க்கு அஃதே போதுமானதாயிற்று! 1873இல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் மங்கையின் ஓவியம் அவருக்குப் பொற்பதக்கம் ஈட்டித் தந்தது.

புராண மகளிரைத் தீட்டப் புகுந்தபோது, அவர்கட்கு எவ்வுடை பொருந்தும் என்னும் ஐயம் எழுந்தது. தம்பியுடன் வடநாடெங்கும் சுற்றினார். இடந்தோறும் உடை வேறுபடுதலைக் கண்டு, முடிவில் சேலையையே தேர்ந்தார்.

ஆயினும் அவ்வோவியங்கள் அரண்மனைச் சுவர்களிலேயே தங்கின. அவற்றை அச்சிட்டுப் பரப்புமாறு மாதவராவ் என்னும் அறிஞர் முன்னரே அறிவுறுத்தியிருந்தார். 1894இல் பம்பாயில் இரவிவர்மா அச்சகம் நிறுவினார். வண்ணம் ஒன்றுக்குக் கல் ஒன்றாகப் பல கற்களில் உருவை எழுதி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிப்பர். ஒரு கல் மயிரிழை பிசகினும் சகுந்தலையின் முகம் கெடும். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படமே.

கோயிலினுள் புக விடப்படாத மக்களும் சிறு தொகைக்குத் திருமகள் படம் வாங்கித் தம் வீட்டிலேயே வழிபட்டனர். இஃது எளிய செயலன்று. ஆனால், வாங்குவோர் பெருகியும் கடன் குறைந்திலது. அச்சகத்தை அங்குப் பணியாற்றிய ஜெர்மானியராகிய சுலைக்கருக்கு விற்க நேர்ந்தது.

அவர் தீட்டிய பெண்டிர் நாடக மேடையில் நிற்பார் போல்வர் எனப் பிற்காலத் திறனாய்வாளர் குறை கூறினர். அதில் உண்மை சிறிதுண்டு. செல்வர் வீட்டு வெண்ணிற மகளிரே அவர் படங்களில் மிகுதி. வயலில் உழைப்பாரைக் காண்டல் அரிது.

உடனுழைத்த தம்பி 1905இல் மறைந்தார். மறு ஆண்டு இரவிவர்மாவும் கிளிமானூரில் உயிர் துறந்தார். அச்சகமோ ஓயவில்லை. அதன் படங்களை வாங்கிய இல்லங்கள் சிலவற்றில், திருமகளின் சேலைக்குச் சரிகையும் மணியும் தைத்து அழகுபடுத்தினர்.