இடக்கையால் வென்ற டகாச்

துப்பாக்கி என்றதும் போரும் வேட்டையும் கொள்ளையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் சட்டத்தின் காவலுக்குள், உரிமம் பெற்று, சுடுதிடலில் மட்டுமே கையில் எடுத்து, உயிரற்ற இலக்கைச் சுடும் விளையாட்டு ஒன்றும் உண்டு. 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே அது இடம்பெற்றது. அத்துறையில் அழியாப் புகழ் பெற்றவர் ஹங்கேரி நாட்டுக் காரோய் டகாச்.

1910-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் பிறந்த டகாச், இளமையிலேயே படையில் சேர்ந்தார். 1936-க்குள் அந்நாட்டின் தலைசிறந்த கைத்துப்பாக்கி வீரர்களுள் ஒருவராகிவிட்டார். எனினும் பெர்லின் ஒலிம்பிக்கிற்கு அவரை அனுப்பவில்லை. காரணம், அவர் வெறும் சார்ஜண்ட். படையிலிருந்து அதிகாரிகள் மட்டுமே போட்டிக்குச் செல்லலாம் என்பது அன்றைய விதி. இலக்குத் தாளுக்குச் சுடுபவரின் பதவி தெரியுமா, என்ன! பெர்லினுக்குப் பின் அத்தடை நீங்கியது. டகாச் 1940-ஐ எதிர்நோக்கிப் பயிற்சியைத் தொடர்ந்தார்.

1938-இல், படைப் பயிற்சியின்போது, பழுதான கையெறி குண்டு ஒன்று அவர் வலக்கையிலேயே வெடித்தது. சுடும் கை சிதைந்துபோயிற்று.

அவர் இழந்தது எத்தகையது என்பதை உணர, அவருடைய போட்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 25 மீட்டர் தொலைவில் ஐந்து இலக்குகள் வரிசையாக நிற்கும். துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். இலக்குகள் முகம் திருப்பியதும் கையை உயர்த்தி, ஐந்திலும் ஒவ்வொரு குண்டு. முதலில் 8 விநாடி, பிறகு 6, இறுதியில் 4. இப்படி 60 குண்டுகள். கைக்கு எந்த ஊன்றுகோலும் கிடையாது. நம் கல்லூரி தேசிய மாணவர் படையில் தரையில் படுத்து .22 ரைபிளால் சுட்டுப் பார்த்த நண்பர்களுக்கு, ஒற்றைக் கையால் நின்று சுடுவதன் அருமை எளிதில் விளங்கும். எழுதப் பழகாத கையால் தேர்வு எழுதுவது போன்றதே இடக்கைக்கு மாறுவது.

ஏறத்தாழ ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்த டகாச், வெளியே வந்ததும் யாரிடமும் சொல்லாமல் இடக்கையைப் பழக்கத் தொடங்கினார். 1939 வசந்த காலத்தில் தேசியப் போட்டித் திடலில் அவரைக் கண்ட பழைய தோழர்கள், பாவம், வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்றே எண்ணினர். அவரோ தாமும் போட்டியிடப் போவதாகக் கூறி, இடக்கையால் சுட்டுப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு உலகப் போட்டியில் வென்ற ஹங்கேரி அணியிலும் இருந்தார்.

போர் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகளை விழுங்கிற்று. 1948-இல் லண்டனுக்கு அருகே பிஸ்லி சுடுதிடலில் நின்றபோது அவருக்கு வயது 38. அர்ஜென்டினாவின் உலக வீரர் டயஸ் சயென்ஸ் வாலியென்டே, எதற்காக வந்தீர் என்று கேட்க, கற்றுக்கொள்ள வந்தேன் என்றாராம் டகாச். 600-க்கு 580 எடுத்து உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். 571 எடுத்து வெள்ளி பெற்ற அர்ஜென்டினா வீரர், போதுமான அளவு கற்றுவிட்டீர் என்று மனமாரப் பாராட்டினாராம்.

அவர் வென்ற அதே பிரிட்டனில் இன்று அந்த வகைக் கைத்துப்பாக்கியைத் தனியார் வைத்திருக்க முடியாது. 1996-இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊர்ப் பள்ளியில் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் ஒருவன் சுட்டுக் கொன்றான். அவன் கையிலிருந்தவை உரிமம் பெற்ற துப்பாக்கிகள். மறு ஆண்டே தடைச் சட்டம் வந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இப்போட்டியை நடத்தவே தனி அனுமதி தேவைப்பட்டது. விளையாட்டு வீரர்களுக்கு இது இழப்புத்தான். ஆயினும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் கோரிக்கையை எந்த வீரர் மறுத்துப் பேச முடியும்?

1952-இல் ஹெல்சிங்கியில் டகாச் 579 எடுத்து மீண்டும் தங்கம் வென்றார். ஒரே புள்ளியில் பின்தங்கியவர், அவரிடமே பயின்ற 17 வயது சிலார்ட் குன். 1956-இல் மெல்போர்னில் எட்டாம் இடமே கிட்டியது. பின்னர் பயிற்சியாளராக விளங்கினார். சார்ஜண்ட் என்று ஒதுக்கப்பட்டவர் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்று, 1976 ஜனவரி 5-இல் புடாபெஸ்ட்டில் காலமானார்.