ஊவாவை உலகறியச் செய்த வணிகர்

பண்டாரவளையையும் எல்லயையும் கடந்து பதுளை நோக்கி இறங்கும் புகைவண்டி, தெமோதரை நிலையத்தை விட்டுப் புறப்பட்டதும் ஒரு குன்றைச் சுற்றி வளைந்து, தான் சற்று முன்னர் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள குகைக்குள் நுழைந்து வெளிப்படுகிறது. இவ்விந்தையைக் காண வருவோர் பலர். ஆயினும், இருப்புப் பாதை இத்துணை அரும்பாட்டுடன் இம்மலைகளுக்குள் புகுந்தது காட்சிக்காக அன்று, தேயிலைக்காகவே. 1894ஆம் ஆண்டில் பண்டாரவளையை எட்டிய பாதை, 1921இல் தெமோதரைக்கும், 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே ஊவாவின் தேயிலை கடல் கடந்த நாடுகளிற் பெயர் பெற்றுவிட்டது.

அந்தப் பெயரை ஈட்டித் தந்தவை இரண்டு. ஒன்று, ஆடி ஆவணித் திங்களில் இம்மலைச் சரிவுகளில் வீசும் வறண்ட காற்று கொழுந்துக்கு ஊட்டும் தனி மணம். மற்றொன்று, அந்த மணத்தை முகர்ந்தறியாத மக்களுக்கும் அதனைச் சொல்லாலும் படத்தாலும் உணர்த்திய விளம்பரம். விளம்பரம் என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் ஒரு கலையாகவே பயின்றவர், தெமோதரைக்குச் சில நிலையங்களுக்கு அப்பால் அப்புத்தளை மலையில் தோட்டம் வாங்கிய சேர் தோமஸ் லிப்டன். அவருடைய வரலாற்றை அறிவது, விளம்பரத்தின் ஆற்றலை மட்டுமன்றி அதன் கடமையையும் அறிவதாகும்.

ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடிக் குடியேறிய எளிய குடும்பம் ஒன்றில் 1848ஆம் ஆண்டு பிறந்தார் லிப்டன். தாம் பிறந்தது 1850இல் என்றே அவர் சொல்லி வந்தார். தம் வயதையும் சற்று அழகுபடுத்திக் காட்டியவர் அவர் என்று இதனைக் கொண்டு நாம் புன்னகைக்கலாம். பெற்றோர் நடத்திய சிறு மளிகைக் கடையே அவருக்குப் பள்ளியாயிற்று. முட்டை விற்கும்போது தந்தையார் தம் பெரிய கையால் எடுத்துக் கொடுப்பதைவிட, அன்னையார் தம் சிறிய கையால் எடுத்துக் கொடுத்தால் முட்டை பெரிதாகத் தோன்றும் எனச் சிறுவயதிலேயே அவர் யோசனை கூறினாராம். இக்கதை மெய்யோ புனைவோ, அவருடைய இயல்பை நன்கு காட்டுகிறது. முட்டை மாறவில்லை, அதனைக் காட்டும் கையே மாறியது.

இளமையிலேயே அமெரிக்கா சென்ற அவர், புகையிலை வயலிலும் நெற்பண்ணையிலும் உடலுழைத்தபின், நியூயோர்க் நகரின் பெரிய அங்காடி ஒன்றின் மளிகைப் பகுதியிற் பணியாற்றினார். பொருள்களை அழகுற அடுக்குதல், விலையை வெளிப்படையாகக் காட்டுதல், வருவோரை முகமலர்ந்து வரவேற்றல் ஆகியவற்றை அங்கே கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். 1871ஆம் ஆண்டு மே மாதம் கிளாஸ்கோவில் தமது முதற் கடையைத் திறந்தார். இருபது ஆண்டுகள் செல்லுமுன் பிரித்தானியாவெங்கும் அவருக்கு நூற்றுக்கணக்கான கிளைக் கடைகள் இருந்தன.

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்பது நம்மவர் பழமொழி. மணமே அழைக்கும் இடத்தில் குரல் எதற்கு என்பது அதன் கருத்து. லிப்டனோ, பூக்கடையேயாயினும் எதிர்த்திசையிற் காற்று வீசினால் என் செய்வது என்று எண்ணியவர்போல் நடந்துகொண்டார். கொழுத்த பன்றிகளை நன்கு குளிப்பாட்டி, நாடாக்களால் அலங்கரித்து, லிப்டன் கடைக்குப் போகின்றன என்ற அறிவிப்புடன் வீதிவழியே நடத்திச் செல்வித்தார். ஒவ்வொரு நாளும் வேறு வேறு வீதி. எனவே ஒவ்வொரு நாளும் புதிய கூட்டம். தன் உறவினர் அனைவரும் லிப்டன் கடைக்குச் சென்றுவிட்டதால் அநாதையாகி அழும் பன்றியைக் கேலிச்சித்திரமாக வரைவித்துச் சாளரத்தில் ஒட்டினார். கடைக்குள் நுழைவோர் மெலிந்தும், பொருள் வாங்கி வெளியேறுவோர் பருத்தும் தோன்றுமாறு கண்ணாடிகளை நிறுத்தினார். சிரித்தவர் மறக்கவில்லை, மறவாதவர் மறுபடியும் வந்தார். விளம்பரம் மனத்தில் நிலைபெறுவதன் சூட்சுமம் இதுவே. அது கட்டளையிடவில்லை, ஊரார் தமக்குள் பேசி மகிழ ஒரு பொருளைத் தந்தது.

1881ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் அமெரிக்காவிலிருந்து மாபெரும் பாலாடைக்கட்டி ஒன்றை வரவழைத்து, அதனுள்ளே தங்க நாணயங்களைப் புதைத்து வைத்தார். கூட்டத்தை அடக்கக் காவலர் வரவேண்டியதாயிற்று; கட்டி முழுவதும் சில மணி நேரத்துக்குள் விற்றுத் தீர்ந்தது. பின்னர் வேறொரு நகரிற் காவல்துறையினர் நாணயத்தை விழுங்கும் ஆபத்தைச் சுட்டி ஆட்சேபித்தபோது, அந்த எச்சரிக்கையையே அவர் விளம்பரமாக்கினார். தங்கம் தொண்டையில் சிக்காமல் எச்சரிக்கையாக உண்ணுமாறு பொதுமக்களைக் கேட்டுப் பத்திரிகையில் அறிவித்தார். கூட்டம் இருமடங்காயிற்று.

இத்தகைய சாமர்த்தியம் எல்லை கடந்ததும் உண்டு. 1877ஆம் ஆண்டில் வங்கிப் பணத்தாளைப் போலவே தோன்றும் துண்டுத்தாள்களை அச்சிட்டு வழங்கினார். பதினைந்து சிலிங்குக்கு ஒரு பவுண் பெறுமதியான சரக்குத் தருவதாக அவற்றில் எழுதியிருந்தது. அதனை ஊன்றிப் படிப்போர் எத்தனை பேர்? மெய்யான பணமென நம்பி ஏமாந்தவரும், பிறரை ஏமாற்றியவரும் தோன்றி, வழக்குகளும் எழுந்தன. கண்ணைக் கவர்வது வேறு, கண்ணைக் கட்டுவது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பன்றி ஊர்வலத்தைக் கண்டு ஒருவரும் நட்டமடையவில்லை. இங்கோ, வேடிக்கையின் செலவை அறியாதவர் ஏற்க நேர்ந்தது.

இவ்வாறு வெண்ணெயும் பன்றியிறைச்சியும் விற்றுச் செல்வம் குவித்த வணிகர், 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். 1869 முதற் பரவிய இலை நோயினால் கோப்பிப் பயிர் அழிந்து, தோட்டங்கள் மலிவாக விலைப்பட்ட காலம் அது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர், கோப்பி விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். அங்கு அவர் எழுப்பிய தொழிற்சாலை இன்றும் நிற்கிறது. அவர் அமர்ந்து மலைத்தொடரை நோக்குவது வழக்கம் எனக் கூறப்படும் முகடு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அக்காலத்தில் பிரித்தானியாவில் ஓர் இறாத்தல் தேயிலை மூன்று சிலிங் அளவில் விற்றது. கடைக்காரர் பெட்டியைத் திறந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பார். தூசு கலந்ததா, நிறை குறைந்ததா என்பது வாங்குவோர் தலைவிதி. லிப்டன் அதே தேயிலையை ஒரு சிலிங் ஏழு பென்சுக்கு விற்கலானார். கால், அரை, ஓர் இறாத்தல் என முன்கூட்டியே நிறுத்து, தரமும் நிறையும் பெயரும் பொறித்த பொட்டலங்களில் அடைத்தார். ஊருக்கு ஊர் நீரின் தன்மை வேறுபடும் என்பதறிந்து, அந்தந்த ஊர் நீருக்கு ஏற்றவாறு கலவையையும் மாற்றி, அதனையும் விளம்பரப்படுத்தினார்.

இங்கேதான் விளம்பரத்தின் வரலாற்றில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. திறந்த பெட்டியிலிருந்த தேயிலையை வாங்குவோர் கண்ணாற் கண்டனர், கையால் தொட்டனர், மூக்கால் முகர்ந்தனர். மூடிய பொட்டலத்தில் அவை யாவும் இயலா. பூவுக்கு மூடியிட்டால் அதன் மணத்துக்குப் பதிலாக மூடியின்மேல் எழுதிய சொல்லையே நம்பவேண்டும். அந்நிலையில் விளம்பரம் வெறும் கூவலாக இராது, ஒரு வாக்குறுதியாகிவிடுகிறது. எழுதிய நிறை உள்ளே இருந்ததால், எழுதிய தரம் கோப்பையில் தெரிந்ததால், லிப்டனின் வாக்கு நின்றது. ஏழைத் தொழிலாளியின் வீட்டிலும் நல்ல தேநீர் கொதித்தது. விளம்பரம் முதல் பொட்டலத்தை விற்கும். இரண்டாவதை விற்பது பொருளின் உண்மையே.

ஆயினும் முழுவதையும் உண்மை என்று சொல்வதற்கில்லை. தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கூசாவுக்கு வருகிறது என்ற கருத்தையே அவருடைய விளம்பரங்கள் உலகெங்கும் பரப்பின. இடைத்தரகர் இல்லை, ஆதலின் விலை மலிவு என்பது அதன் பொருள். ஆனால் அவர் விற்ற தேயிலையில் அவருடைய சொந்தத் தோட்டங்களில் விளைந்தது சிறு பகுதியே. பெரும்பகுதி சந்தையில் வாங்கிக் கலக்கப்பட்டதாகும். பெரிய வியாபாரத்துக்குச் சில தோட்டங்கள் போதா என்பது எவர்க்கும் விளங்கும். விளங்கினும், சொல்லுக்கும் செயலுக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது என்பதை மறைத்தல் ஆகாது.

அதனினும் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் லிப்டன் விளம்பரங்களில் இடம்பெற்றது. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் அவள் புன்னகை பூத்தாள். அவள் பெயர் எவர்க்கும் தெரியாது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணியின் பின்னே வந்து, வரும்போதே கடனேறி, கடன் தீராமல் தோட்டம் மாற இயலாதவாறு துண்டு முறையாற் கட்டுண்டு, லயத்தின் ஓரறையில் குடும்பம் நடத்தியவர்களின் உருவம் அது. துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேதான் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமோ, அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. இவை யாவற்றுக்கும் ஒரு வணிகரைப் பொறுப்பாளியாக்குதல் நீதியன்று. தோட்ட முறைமை முழுவதும் அவ்வாறே இயங்கிற்று. ஆனால் இலையின் தூய்மையைப் பற்றியும், விலையின் நயத்தைப் பற்றியும் இவ்வளவு பேசிய விளம்பரம், கொய்தவள் கூலியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் முகத்தை எடுத்துக்கொண்டது. அவள் நிலையை விட்டுவிட்டது.

லிப்டனின் ஈகையையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. 1897ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியின் அறுபதாம் ஆண்டு விழாவின்போது, இலண்டன் ஏழைகளுக்கு உணவளிக்கும் நிதிக்கு 25,000 பவுண் வழங்கினார். அடுத்த ஆண்டில் சேர் பட்டம் பெற்றார். 1915இல் சேர்பியாவில் நச்சுக்காய்ச்சல் பரவியபோது, தமது சொந்தக் கப்பலில் மருத்துவரையும் தாதியரையும் மருந்தையும் ஏற்றிச் சென்றார். அமெரிக்கக் கிண்ணப் படகோட்டப் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை பங்கெடுத்து ஐந்து முறையும் தோற்றார். தோல்வியை அவர் ஏற்ற பெருந்தன்மையைக் கண்ட அமெரிக்க மக்கள், தாமே பணம் சேர்த்து அவருக்கு ஒரு பொற்கிண்ணம் அளித்தனர். எந்த விளம்பரத்தாலும் வாங்க முடியாத பெயரை, தோற்கத் தெரிந்த பண்பு அவருக்கு வாங்கித் தந்தது. அவர் 1931ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2ஆம் நாள் மறைந்தார். செல்வத்தின் பெரும்பகுதியைத் தாம் பிறந்த கிளாஸ்கோ நகருக்கே விட்டுச் சென்றார்.

அவர் பெயர் அவருக்குப் பின்னும் விற்றது. தேயிலை வியாபாரம் பிற்காலத்தில் யூனிலீவர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2022ஆம் ஆண்டில் அதனினின்றும் பெரும்பகுதி கைமாறியது. இடையில், 2007ஆம் ஆண்டில், தொழிலாளர் நலனும் சுற்றாடலும் பேணப்படுவதாகச் சான்று பெற்ற தோட்டங்களின் தேயிலையையே லிப்டன் பொட்டலங்களுக்கு நாடப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. தேயிலை தூயதா, நிறை சரியா என்று மட்டும் கேட்டு வந்த உலகம், கொய்தவர் எவ்வாறு வாழ்கின்றனர் என்றும் கேட்கத் தொடங்கியதன் அடையாளம் இது. இச்சான்று முத்திரையும் ஒரு விளம்பரமே. ஆகவே அதனையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் வேண்டும். முத்திரை சொல்வது லயத்தின் கூரையில், குழந்தையின் பள்ளிக்கூடத்தில், மாதச் சம்பளத்தில் தெரிகிறதா என்பதே கேள்வி.

நல்ல விளம்பரம் எது என்பதற்கு லிப்டனின் வாழ்வே விடை கூறுகிறது. காண்போரை நிறுத்துவது அதன் முதற் பண்பு. பன்றி ஊர்வலம் அதனைச் செய்தது. நெஞ்சில் நிற்பது இரண்டாவது; அழும் பன்றியின் சித்திரம் அதனைச் செய்தது. சொன்னதைக் கொடுப்பது மூன்றாவது. நிறை பொறித்த பொட்டலம் அதனைச் செய்தது. நான்காவதாக, தான் யாருடைய உருவத்தைக் காட்டி விற்கிறதோ அவருக்கும் நேர்மையாயிருப்பது என ஒன்றுண்டு. அது மட்டும் அவர் காலத்தில் நிறைவேறவில்லை. தெமோதரை முதல் தம்பேதன்னை வரை ஊவாவின் சரிவுகளில் இன்றும் கொழுந்து கொய்பவர்களுக்கு, உலகம் செலுத்தவேண்டிய கடன் அதுவே.