மணலுக்கு அடியில் என்ன இருக்கு? பாறையே கிடைக்காத கொள்ளிடத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டன்

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. 1800களின் தொடக்கத்தில் சிக்கலே இங்கேதான். கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவும் அதிகம். காவிரி வாயில் மணல் மேடிட்டதால் தண்ணீர் கொள்ளிடம் வழியாவே கடலுக்குப் போக, தஞ்சை வயல்கள் தவித்தன.

இதைச் சரிசெய்தவர் ஆர்தர் காட்டன். 1803-ல் இங்கிலாந்தில் பிறந்து, 1821-ல் இந்தியா வந்த ராணுவப் பொறியாளர். கொள்ளிடத்துக்குக் குறுக்கே அணை கட்டணும். ஆனா அங்கே தோண்டத் தோண்ட மணல்தான். அடியில் கெட்டியான தரை எத்தனை ஆழத்தில் இருக்குன்னு தோண்டாமலோ துளையிடாமலோ சொல்ல அன்று கருவி கிடையாது.

வழி காட்டியது, தீவின் கிழக்குக் கோடியில் இருக்கும் கல்லணை. கரிகாலன் காலத்ததாகச் சொல்லப்படும் அந்த அணையில் யாரும் பாறையைத் தேடிப் போகலை. பெரிய கற்களை மணலில் போட்டார்கள். அவை புதைந்து நின்றதும் மேலே அடுக்கினார்கள். ஆற்று மணலிலும் அஸ்திவாரம் போடலாம் என்பதைக் காட்டன் இதிலிருந்துதான் கற்றார். அவர் செங்கல் கிணறுகளை மணலில் இறக்கி, அதன் மேல் சுவர் எழுப்பினார். 1836-ல் மேலணை தயார். காவிரிக்கு இப்போ தண்ணீர் அளவுக்கு மீறி வர, பிறகு அந்தப் பக்கமும் தடுப்பு கட்ட வேண்டியதாச்சு!

காட்டனிடம் இல்லாத கருவி இன்று இருக்கிறது. லாரி, ரயில், காற்று, ஓடும் ஆறு எல்லாமே நிலத்தை நமக்குத் தெரியாத அளவில் அதிரவைக்கின்றன. தரையில் வைக்கும் உணர்கருவி அந்த அதிர்வைப் பதிவு செய்யும். கெட்டித் தரை மேல் மென்மணல் இருந்தால், ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் பக்கவாட்டு ஆட்டம் மேல்கீழ் ஆட்டத்தைவிடத் தூக்கலாகத் தெரியும். மணலில் அதிர்வு நொடிக்கு 200 மீட்டர் போகுதுன்னு வைங்க. அந்த உச்சம் நொடிக்கு 2.5 ஆட்டத்தில் வந்தால், மணலின் ஆழம் சுமார் 20 மீட்டர். ஆனா அணைக்கு அடியில் சின்னதா அரிப்பு இருந்தால் இது மட்டும் காட்டிக்கொடுக்காது, துளையிட்டும் பார்க்கணும்.

காட்டன் அடுத்து 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். அதுவும் மணல்தான். 1899-ல் இங்கிலாந்தில் காலமானார். முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் 9 மதகுகள் 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. இப்போது அருகிலேயே புதிய கதவணை நிற்கிறது.