ஊதியம் காணாத ஆசிரியப் பணி: எம்மி நோதர் அம்மையார்

பெண்கள் கல்விக்கூடத்தின் வாயிலைக் கடந்த வரலாறு நம்மிடையே பலமுறை எழுதப்பட்டுள்ளது, மேடைகளிலும் பேசப்பட்டுள்ளது. வாயிலைக் கடந்து, கற்க வேண்டியவற்றையெல்லாம் கற்று, ஆய்வுப் பட்டமும் பெற்ற பின்னர் அவர்கள் எங்கே அமர்த்தப்பட்டனர், அவர்தம் உழைப்புக்கு யார் ஊதியம் அளித்தனர் என்னும் வரலாறோ அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. அவ்வரலாற்றை ஒருவர் வாழ்விலேயே முழுமையாகக் காண விழைவோர் ஜெர்மனி நாட்டுக் கணிதமேதை எம்மி நோதர் அம்மையாரின் வாழ்வை அறிதல் வேண்டும். தமிழ்த்துறையைச் சார்ந்தவர்க்குக் கணிதமேதையிடம் என்ன வேலை என்று கணிதத்துறை நண்பர்கள் நகைக்கக்கூடும். இயற்கணிதத்தின் நுட்பங்களை விளக்கும் தகுதி எனக்கு இல்லை என்பது உண்மையே. ஆயினும், அரசாணைகளையும் ஊதியக் கணக்கையும் படித்தறிவதற்கு உயர்கணிதம் தேவைப்படுவதில்லை அன்றோ!

தெற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தைச் சேர்ந்த எர்லாங்கன் நகரில் 1882-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் எம்மி நோதர் பிறந்தார். யூதக் குடும்பம். தந்தையார் மாக்ஸ் நோதர் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். அவர் துறையில் பெரும்புகழ் பெற்றவர். எம்மிக்குப் பின் மூன்று தம்பியர் பிறந்தனர். அக்காலத்து நடுத்தரக் குடும்பத்துப் பெண்களைப் போலவே அவரும் மொழிகளும் இசையும் வீட்டுக் கடமைகளும் பயின்றார். 1900-ஆம் ஆண்டில் பெண்கள் பள்ளிகளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பிப்பதற்குரிய தேர்வில் சிறப்பாகத் தேறினார். அத்துடன் அமைதியடைந்திருந்தால், ஓய்வூதியத்தோடு முடியும் ஒரு நல்லாசிரியர் வாழ்வு அவருக்குக் கிட்டியிருக்கும். அவரோ கணிதம் கற்கப் புறப்பட்டார்.

எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் அப்போது பெண்கள் மாணவியராகப் பதிவு பெற இயலாது. இருபாலரும் சேர்ந்து பயின்றால் கல்வி நிலையத்தின் ஒழுங்கே குலைந்துவிடும் என்று அதன் ஆட்சிப் பேரவை 1898-இல் முடிவு கூறியிருந்தது. ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியே இசைவு பெற்றுப் பின்னிருக்கையில் அமர்ந்து கேட்கலாம், அவ்வளவே. 986 மாணவர் பயின்ற அவ்விடத்தில் இவ்வாறு இடம்பெற்ற பெண்கள் இருவர். அவ்விருவருள் ஒருவர் எம்மி. பேராசிரியரின் மகளுக்கே நிலைமை இதுவாக இருந்தது. விதி தளர்ந்ததும் 1904-இல் முறைப்படி பதிந்துகொண்டார். பால் கோர்டான் என்னும் முதுபேராசிரியரின் வழிகாட்டலில் 1907-ஆம் ஆண்டு, தம் 25-ஆம் வயதில், மிக உயர்ந்த பாராட்டுடன் முனைவர் பட்டம் பெற்றார். முந்நூற்றுக்கும் மேற்பட்ட கணிதக் கோவைகளைக் கையால் கணித்துப் பட்டியலிட்ட அந்த ஆய்வேட்டைப் பிற்காலத்தில் அவரே குப்பை என்று ஒதுக்கினார் என்பர். மேதைகளுக்கு மட்டுமே வாய்க்கும் கூச்சம் அது!

அடுத்த ஏழாண்டுகள் எர்லாங்கன் கணித நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். உடல்நலம் குன்றிய தந்தைக்கு மாற்றாக வகுப்பெடுத்தார், ஆய்வு மாணவர்க்கு வழிகாட்டினார், கட்டுரைகள் வெளியிட்டார். ஊதியம் ஒரு காசும் இல்லை; பதவிப் பெயரும் இல்லை.

இவ்விடத்தில் அவருடைய தம்பி ஃபிரிட்ஸ் நோதரின் வாழ்வை அருகில் வைத்துப் பார்த்தல் நலம். ஃபிரிட்ஸும் கணிதவியலாளரே, எம்மிக்கு இரண்டு வயது இளையவர். முனைவர் பட்டமும் தமக்கைக்கு இரண்டாண்டுகள் பிந்தி, 1909-இல் பெற்றார். 1911-இல் கார்ல்ஸ்ரூ நகரில் பல்கலைக்கழக ஆசிரியராகும் உரிமையை அடைந்தார். 1922-இல் பிரெஸ்லாவில் முழுநிலைப் பேராசிரியராக அமர்ந்தார். ஒரே வீடு, ஒரே தந்தை, ஒரே துறை. திறத்தில் தமக்கையே மேம்பட்டவர் என்பதைக் கணித உலகம் ஐயமின்றி ஏற்றுக்கொண்டுள்ளது. தம்பிக்குப் பட்டம் பெற்ற இரண்டே ஆண்டில் கிட்டிய உரிமை தமக்கைக்குக் கிட்டப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

1915-ஆம் ஆண்டில் கணித உலகின் தலைநகர் எனத்தக்க கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தினின்றும் அழைப்பு வந்தது. அழைத்தவர்கள் டேவிட் ஹில்பர்ட்டும் ஃபெலிக்ஸ் கிளைனும். அந்நாளில் கணிதத்தில் அவர்களுக்கு ஒப்பாவார் அரியர். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கை எழுப்பிய சிக்கல்களைத் தீர்க்க அம்மையாரின் புலமை அவர்களுக்குத் தேவைப்பட்டது. அங்கும் தடை நின்றது.

ஜெர்மானிய முறையை மாணவர்கள் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். முனைவர் பட்டம் மட்டும் அங்கே போதாது. இரண்டாவதாக ஓர் உயராய்வு அளித்து, ஆசிரியக் குழுவின் முன் உரை நிகழ்த்தி, கற்பிக்கும் உரிமையைப் பெறுதல் வேண்டும். அவ்வுரிமை பெற்றவர் தனிநிலை விரிவுரையாளர் ஆவார். மாணவர் செலுத்தும் கட்டணமே அவருக்கு வருவாய். அரசு ஊதியம் பெறும் பேராசிரியர் பதவி அதற்கடுத்த படி. அந்த முதற்படியிலேயே பெண்கள் கால் வைத்தல் ஆகாது என்று பிரஷ்ய அரசு 1908-இல் ஆணையிட்டிருந்தது. பெண்கள் பல்கலைக்கழகத்தில் மாணவியராகச் சேரலாம் என்று பிரஷ்யா இசைந்ததும் அதே ஆண்டில்தான்! படிக்கலாம், படிப்பிக்கலாகாது என்பதே அதன் பொருள்.

ஆசிரியக் குழுவில் கணிதரும் அறிவியலாரும் பெரும்பாலும் அம்மையாரை ஆதரித்தனர். எதிர்த்தவர் வரலாற்றறிஞரும் மொழியறிஞருமே என்பதை மொழித்துறையில் இருக்கும் நான் சற்று வருத்தத்தோடு எழுதுகிறேன். போர்க்களத்திலிருந்து மீளும் வீரர் ஒரு பெண்ணின் முன் அமர்ந்து பாடம் கேட்பதா என்பது அவர்கள் எழுப்பிய வினா. இன்று விரிவுரையாளர், நாளை பேராசிரியர், மறுநாள் ஆட்சிப் பேரவை உறுப்பினர் என்று அவர் உயர்ந்துவிடுவாரே என்பது உள்ளே இருந்த அச்சம். ஆட்சிப் பேரவை ஒன்றும் குளியலறை அன்று என்று ஹில்பர்ட் சினந்து கூறியதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. அவருடைய சினத்தாலும் பயன் விளையவில்லை.

1917-இல் நிகழ்ந்த ஒன்று இதனினும் கசப்பானது. அம்மையாரை ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகம் கவர்ந்துகொள்ளக்கூடும் என்று கோட்டிங்கன் கணிதர்கள் அஞ்சி அமைச்சகத்துக்கு முறையிட்டனர். அவ்வச்சம் வேண்டுவதில்லை, ஃபிராங்க்ஃபர்ட்டிலும் பெண்ணுக்கு அவ்வுரிமை வழங்கப்படமாட்டாது, ஆகவே அவர் உங்களை விட்டுப் போகமாட்டார் என்னும் கருத்தில் விடை வந்தது. எல்லா வாயில்களும் அடைக்கப்பட்டிருப்பதையே ஆறுதலாகச் சொல்லும் அரசு மடலை வேறெங்கும் நான் படித்ததில்லை.

கணிதர்கள் ஒரு சூழ்ச்சி செய்தனர். 1916-17 குளிர்காலப் பருவத்தின் பாட அட்டவணையில், திங்கட்கிழமை மாலை 4 மணி முதல் 6 மணி வரை ஹில்பர்ட்டின் வகுப்பு நிகழும் என்றும், முனைவர் நோதர் உதவி புரிவார் என்றும், கட்டணம் இல்லை என்றும் அறிவிக்கப்பட்டது. பாடம் நடத்தியவர் உதவியாளராகக் குறிக்கப்பட்டவரே. கட்டணம் இல்லை என்னும் குறிப்பை மாணவர்க்குச் செய்த சலுகையாகக் கொண்டு நாம் மகிழ்தல் கூடாது. கற்பித்தவருக்கு வருவாய் இல்லை என்பதே அதன் மறுபக்கம்.

அந்நிலையில் இருந்துகொண்டே, 1918-ஆம் ஆண்டில், இன்று உலகெங்கும் இயற்பியல் மாணவர் கற்கும் நோதர் தேற்றத்தை அவர் நிறுவினார். எனக்கு விளங்கிய அளவில் அதன் சாரம் இது. இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றாகவே இருக்கின்றன என்பதிலிருந்தே ஆற்றல் அழிவதில்லை என்பது பெறப்படும். இங்கும் அங்கும் ஒன்றாகவே இருக்கின்றன என்பதிலிருந்து உந்தம் அழிவதில்லை என்பது பெறப்படும். சமச்சீர்மை எங்கு உண்டோ அங்கு மாறாத ஓர் அளவும் உண்டு. இத்தகைய ஆய்வைக் கோட்டிங்கன் அறிவியற் கழகத்தில் அவரே படித்தளிக்க இயலவில்லை. அவர் அதன் உறுப்பினர் அல்லர். அவர் பொருட்டுக் கிளைன் படித்தார். பின்னரும் அக்கழகம் அவரை உறுப்பினராக ஏற்கவில்லை.

முதல் உலகப் போர் முடிந்து முடியாட்சி வீழ்ந்தது. ஐன்ஸ்டைனும் அவருக்காகப் பரிந்து கிளைனுக்கு எழுதினார். 1919-இல் அந்த 1918-ஆம் ஆண்டுக் கட்டுரையையே உயராய்வாக ஏற்றுக் கற்பிக்கும் உரிமை வழங்கப்பட்டது. அம்மையாருக்கு அப்போது வயது 37. 1922-இல் பேராசிரியர் என்னும் பட்டமும் வந்தது. அரசுப் பணியாளர் அல்லாத துணைநிலைப் பேராசிரியர் என்பது அப்பட்டத்தின் முழுப்பெயர்; ஊதியமோ ஓய்வூதியமோ அதற்கு இல்லை. பதவியின் முன்னால் கௌரவ என்னும் அடைமொழியைக் கண்டால் ஊதியத்தைப் பற்றி ஐயம் கொள்ளப் பழகிய நம் பகுதி ஆசிரியர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1921-இல் தந்தையார் மறைந்தார். அடுத்துவந்த பணவீக்கம் ஜெர்மானியக் குடும்பங்களின் சேமிப்பை விழுங்கியது. 1923-இல்தான் இயற்கணிதம் கற்பிப்பதற்கெனச் சிறுதொகை ஒன்று அவருக்கு ஒதுக்கப்பட்டது. அதற்கும் காலந்தோறும் புதுப்பிப்பு வேண்டும். முனைவர் பட்டம் பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின், 41-ஆம் வயதில் அவர் கண்ட முதல் பல்கலைக்கழக வருவாய் அது. காலம் அத்தகையது, யாரைக் குறை கூறுவது என்று சிலர் அமைதி கூறுவர். அதே 1923-இல் ஹோஹன்ஹைம் வேளாண் கல்லூரியில் மார்கரெட் ஃபான் விராங்கெல் என்னும் பெண்மணி முழுநிலைப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். ஆகவே காலத்தின் மீது மட்டும் பழியைச் சுமத்துதல் பொருந்தாது. அம்மையார் பெண்ணாக மட்டுமன்றி, யூதராகவும் இடதுசாரிக் கருத்தினராகவும் இருந்தார் என்பதையும் உடன்வைத்து எண்ண வேண்டும்.

அவரோ கசப்பின்றி உழைத்தார். 1921-இல் வெளியான அவருடைய கட்டுரை நவீன இயற்கணிதத்துக்கு அடிகோலியது. நம் முதுகலைக் கணித மாணவர் பயிலும் நோதர் வளையங்கள் அதன் வழிவந்தவை. உலகின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் அவரை நாடி வந்தனர். ஹாலந்திலிருந்து வந்த வான் டெர் வார்டன் அவரிடமும் எமில் ஆர்ட்டினிடமும் கேட்டவற்றைக் கொண்டு எழுதிய நூல் ஒரு தலைமுறைக்குப் பாடநூலாயிற்று. தம் கருத்துகளை மாணவர் தம் பெயரில் வெளியிடுவதைக் கண்டு மகிழ்ந்தவர் அவர். கணித ஆண்டேடு என்னும் புகழ்பெற்ற இதழுக்குக் கட்டுரைகளைத் திருத்தித் தரும் பணியையும் செய்தார்; ஆசிரியர் குழுவில் அவர் பெயர் அச்சிடப்படவில்லை. 1932-இல் சூரிச் நகரில் கூடிய உலகக் கணித மாநாட்டில் பேரவை முழுவதற்கும் உரையாற்றினார். அத்தகைய சிறப்புரை ஆற்றிய முதற்பெண் அவரே. அதே ஆண்டில் ஆர்ட்டினுடன் பகிர்ந்து ஒரு பரிசும் பெற்றார்.

புகழுக்குக் குறைவில்லை, பொருளுக்கே வழியில்லை. கோட்டிங்கனில் பணமே இல்லையா எனின், இருந்தது. அமெரிக்க ராக்ஃபெல்லர் அறக்கொடையின் துணைகொண்டு கணித நிறுவனத்துக்குப் புதிய மாளிகை எழுந்து 1929-இல் திறக்கப்பட்டது. கல்லுக்கும் மரத்துக்கும் நிதி கிடைத்த அவ்விடத்தில், அதன் புகழுக்குக் காரணமானவருள் ஒருவருக்கு நிலையான ஊதியம் கிடைக்கவில்லை. ஹில்பர்ட்டின் இடத்துக்கு 1930-இல் வந்த ஹெர்மன் வைல் அவருக்கு நல்ல பதவி பெற்றுத்தர முயன்று தோற்றார். தம்மைவிடப் பல வகையிலும் உயர்ந்தவர் தமக்குக் கீழே இருக்கத் தாம் அப்பதவியில் வீற்றிருப்பது குறித்து அவர் நாணினார்.

1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் யூத ஆசிரியர்கள் நீக்கப்பட்டனர், அச்சிறுதொகையும் நின்றது. சில காலம் தம் வீட்டிலேயே மாணவர்க்குப் பாடம் சொன்ன அம்மையார், அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பிரின் மார் மகளிர் கல்லூரிக்குச் சென்றார். அங்கே கணிதத்துறைத் தலைவர் அன்னா பெல் வீலர் என்னும் பெண்மணி. தலைமையிலும் ஒரு பெண் இருக்கக் கண்ட அம்மையாருக்கு அவ்விடம் பிடித்துப்போயிற்று. ஊதியத்தை அளித்தவை, அகதி அறிஞர்களுக்கான உதவிக் குழுவும் ராக்ஃபெல்லர் நிறுவனமும். கோட்டிங்கனில் மாளிகை எழுப்பிய அதே செல்வம், நாடிழந்த பின்னரே அவரை வந்தடைந்தது. அதுவும் குறுகிய காலத்துக்கான உதவிநிதியே. வாரந்தோறும் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்துக்கும் சென்று உரையாற்றினார்.

1934-ஆம் ஆண்டு முடிந்து 1935 பிறக்கும் வேளையில், லெஃப்ஷெட்ஸ், நார்பர்ட் வீனர் முதலிய பெருங்கணிதர்கள் அவருக்காகப் பரிந்துரை மடல்கள் எழுதினர். அவர் எத்தகைய மேதை என்பதை விளக்கி, உதவி தொடர வேண்டும் என்பது அம்மடல்களின் வேண்டுகோள். 52 வயதில், உலக மாநாட்டில் உரையாற்றிய பின்னரும், அவருடைய வாழ்க்கைச் செலவுக்கு மற்றவர் சான்றுரைக்க வேண்டியிருந்தது.

அவ்வேப்ரல் திங்களில் அவருக்கு அறுவை மருத்துவம் நடந்தது. தேறிவருகிறார் என்று எண்ணியிருந்த நான்காம் நாள், 1935 ஏப்ரல் 14 அன்று, அவர் காலமானார். வயது 53. சோவியத் நாட்டுக்குச் சென்ற தம்பி ஃபிரிட்ஸ் அங்கே சிறைப்பட்டு 1941-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அம்மையாரின் சாம்பல் பிரின் மார் கல்லூரி நூலகத்தின் உள்முற்றத்தைச் சுற்றியோடும் நடைபாதையின் கீழ் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.