கழுதை முதுகில் 50 கிலோ, அபராதம் 50 ரூபாய்: ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கி வைத்த சட்டம் என்ன சொல்லுது?

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. அங்கிருந்து கொஞ்சம் போனால் நெய்யாற்றின்கரை. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம்னு இரண்டும் கலந்து புழங்குற ஊர்கள். 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளாவில் நின்றது.

இந்த எல்லையில் பஸ் மாறும், போர்டில் எழுத்து மாறும். ஆனால் ஒரு கணக்கு மட்டும் மாறாது. ஒரு கழுதை மேல் அதிகபட்சம் 50 கிலோதான் ஏற்றலாம். இந்தப் பக்கமும் அதே 50, அந்தப் பக்கமும் அதே 50. இப்படி ஒரு கணக்கு சட்டத்தில் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?

அந்தச் சட்டத்துக்கு முதல் விதை போட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். ஆமாம், பரதநாட்டியம்னதும் உங்களுக்கு நினைவு வரும் அதே கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவிதான்.

யார் இவர்?

1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தார். அப்பா நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர். அடையாறு பிரம்மஞான சபையோடு குடும்பத்துக்குத் தொடர்பு இருந்தது. 1920-ல், 16 வயதில், தன்னைவிட 25 வயதுக்கும் மேல் மூத்த ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலைத் திருமணம் செய்துகொண்டார். அன்றைய சென்னையில் அது பெரிய பரபரப்பு. அடுத்த பரபரப்பு 1935-ல் வந்தது. நல்ல குடும்பத்துப் பெண்கள் ஆடக் கூடாதுன்னு ஒதுக்கி வைத்திருந்த சதிரைக் கற்று, மேடையில் ஆடினார். 1936-ல் கலாக்ஷேத்ரா பிறந்தது.

ஊர் என்ன சொல்லும்னு பார்த்து நடக்கிறவர் இல்லை என்பது இதிலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும். விலங்குகள் விஷயத்திலும் அப்படித்தான் நடந்துகொண்டார்.

நாடாளுமன்றத்தில் என்ன நடந்தது?

1952-ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனார். கலைஞர் என்ற முறையில் கிடைத்த இடம் அது. அந்த இடத்தை வாயில்லா ஜீவன்களுக்காகப் பயன்படுத்தினார். அப்போது கையில் இருந்தது 1890-ல் ஆங்கிலேயர் போட்ட பழைய சட்டம். அதற்குப் பதிலாக, விலங்குவதைத் தடுப்பு மசோதா ஒன்றைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டு வந்தார்.

அரசே இதற்கு ஒரு சட்டம் கொண்டு வரும்னு பிரதமர் நேரு உறுதி கொடுத்தார். அதை நம்பி ருக்மிணி தேவி மசோதாவைத் திரும்பப் பெற்றார். பிறகு குழு, ஆய்வு, காத்திருப்பு எல்லாம் முடிந்து, 1960-ல்தான் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1962-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தது. முதல் தலைவர் ருக்மிணி தேவி.

1977-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கக் கேட்டபோது, வேண்டாம்னு ஒதுங்கிவிட்டார். 1986 பிப்ரவரி 24 அன்று காலமானார்.

கழுதைக்கு என்ன கிடைத்தது?

சட்டத்தின் கீழ் 1965-ல் பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான விதிகள் வந்தன. கழுதைக்கு 50 கிலோ, மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்பதுதான் அதிகபட்சச் சுமை. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் ஓட்டக் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலையே வாங்கக் கூடாது.

சலவை மூட்டையும் செங்கலும் ஆற்று மணலும் சுமந்த முதுகுக்கு, போதும்னு சொல்ல ஒரு எண் கிடைத்தது.

அப்புறம் என்ன பிரச்னை?

அபராதத்தைப் பாருங்க. அதிக பாரம் ஏற்றினாலோ அடித்தாலோ, சட்டத்தில் எழுதியபடி முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அன்றைக்கு 50 ரூபாய் பெரிய காசு. இன்றைக்கு அது இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடுற செலவு. போதாததுக்கு, இந்தக் குற்றத்தில் வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது. 2022-ல் மத்திய அரசு தண்டனையைக் கூட்டும் திருத்த வரைவு ஒன்றை மக்கள் கருத்துக்கு வெளியிட்டது.

இதற்குள் கழுதைகளே குறைந்துபோச்சு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க இருந்தவை சுமார் 1.24 லட்சம். 2012-ஐவிட 61 சதவீதம் குறைவு. கோவேறு கழுதைகள் சுமார் 84 ஆயிரம்தான்.

நீங்க என்ன செய்யலாம்?

கழுதை இல்லாத ஊரில் இந்தச் சட்டம் எதற்குன்னு கேட்கலாம். எல்லையைத் தாண்டும் லாரியில் மாடுகளைத் திணித்து ஏற்றிப் போவதும் இதே சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம்தான். கண்ணில் பட்டால் காவல் நிலையத்தில் சொல்லுங்க. கான்ஸ்டபிளுக்கு மேல் பதவியில் இருப்பவர், விலங்கைக் கைப்பற்றி மாஜிஸ்திரேட்டிடமோ கால்நடை மருத்துவரிடமோ காட்ட 34-வது பிரிவு அதிகாரம் தருது. புகாரை பாறசாலையில் கொடுத்தாலும் களியக்காவிளையில் கொடுத்தாலும் சட்டம் ஒன்றுதான்.

சுமைக்கு ருக்மிணி தேவி காலத்தில் வைத்த 50 கிலோ வரம்பு இன்றும் நியாயமானது. அபராதத்துக்கு வைத்த 50 ரூபாய் வரம்பைத்தான் இனி நாம் மாற்றச் சொல்லிக் கேட்கணும்.