டாக்டருக்கு எதுக்குய்யா பிஎச்டி?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ, எம்பிபிஎஸ் முடித்த சொந்தக்காரப் பையன் ஒருவன் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகப் போறதா சொன்னான். வீடே அதிர்ந்துவிட்டது. டாக்டருக்குப் படிச்சவன் கிளினிக் வைக்காம லேப்ல உட்காருவானா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்கு எல்லாப்பிரகட சுப்பாராவ் ஞாபகம் வந்தது.

1895-ல் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை சென்னையில் தேறியவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தினார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. விளைவு, எம்பிபிஎஸ் கிடைக்கல. அதைவிடக் குறைந்த எல்எம்எஸ் பட்டம்தான் கிடைத்தது. அரசு வேலைக்கும் வழியில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக் கொடுத்தார்.

ஸ்ப்ரூ என்கிற வயிற்றுப்போக்கு நோய் அவருடைய சகோதரர்களைக் கொண்டுபோனது. அவரையும் படுக்கையில் தள்ளியது. இதற்கு மருந்து கண்டுபிடிக்கணும் என்ற வைராக்கியத்தோடு, மாமனார் கொடுத்த உதவியில் ஹார்வர்டுக்குக் கப்பல் ஏறினார். வெப்பமண்டல மருத்துவம் படித்தார். வயிற்றுப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தார். பிறகு உயிர்வேதியியல் துறையில் சேர்ந்து, 1930-ல் பிஎச்டி வாங்கினார்.

அந்தப் பயிற்சி சும்மா போகல. 1925-ல் ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்க, சிரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினார். தசைக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு பாஸ்போகிரியாட்டினையும் ஏடிபியையும் கண்டறிந்ததில் அவர் பங்கு பெரிது. ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தர வேலை தரவில்லை.

1940-ல் லெடர்லி நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அண்ணன் தம்பியைப் பறித்த ஸ்ப்ரூவுக்கு அது மருந்தானது. ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினையும் அவர் குழுவே தயாரித்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார்; 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதன் உறவுக்கார மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நம்மூரில் யானைக்கால் நோய்க்கு வீடு வீடாகக் கொடுத்த டிஇசி மாத்திரையும் அவர் குழுவின் வேலைதான்.

1948 ஆகஸ்டில், 53 வயதில் நியூயார்க்கில் இறந்தார். ஊரில் விட்டு வந்த மனைவியை அவர் கடைசிவரை திரும்பிப் போய்ப் பார்க்கவே இல்லை. வெளிநாட்டில் இருக்கிற எனக்கு, அவர் வாழ்க்கையில் மனசை உறுத்துவது இதுதான்.

நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்றவனுக்குத்தான் எந்தக் கேள்வி அவசரம் என்று தெரியும். அதற்கு விடை தேடும் ஒழுங்கை ஆராய்ச்சிப் பயிற்சிதான் தரும். சுப்பாராவிடம் இரண்டும் இருந்தன. அதுக்காக அவர் குடும்பத்தையே இழக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு நம்ம பிள்ளைகளுக்கு அந்த நிலைமை இல்லை. வீடு கொஞ்சம் துணை நின்றால் போதும்.

அந்தப் பையனிடம் போயிட்டு வாடா என்று சொல்லிவிட்டு வந்தேன்.